கிராடியஸ்: காத்திருக்காத திரையில் ஒரு தேர்வு

1962-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சிலர் சேர்ந்து, அலமாரி அளவுக்கு இருந்த ஒரு கணினியில் விளையாட்டு ஒன்றை எழுதினார்கள். பெயர் ஸ்பேஸ்வார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கணினி விளையாட்டு தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே விண்வெளிச் சண்டையும் வந்துவிட்டது. அறிவியல் புனைகதைகள் மீது அந்தத் தலைமுறைக்கு இருந்த மோகம் இதற்கு ஒரு காரணம். சிக்கனம் இன்னொரு காரணம். விண்வெளி கறுப்பு, கறுப்பை யாரும் வரைய வேண்டியதில்லை. நினைவகத்தைப் படியளந்து கொடுத்த காலத்தில், மரம் செடி கொடி எதுவும் வேண்டாத ஒரு களம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த வம்சத்தில் வந்த ஒரு விளையாட்டைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்: ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1985 மே மாதம் வெளியிட்ட கிராடியஸ். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். இடமிருந்து வலமாகத் திரை தானாக நகர, ஒரு சிறு விண்கலம் சுட்டுக்கொண்டே போகும் விளையாட்டு என்பது மட்டும் தெரிந்தால் போதும். இந்த வகைக்கு ஸ்க்ரோலிங் ஷூட்டர் என்று பெயர். இதில் கிராடியஸ் முதலாவது அல்ல, ஏன், இரண்டாவதும் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஏதாவது ஒரு விதத்தில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

நிற்கும் திரையிலிருந்து நகரும் திரைக்கு

1978-இல் டைட்டோ நிறுவனத்தின் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஜப்பானையே ஆட்டிப்படைத்தது. அதில் திரை நகராது. வரிசை வரிசையாக எதிரிகள் மேலிருந்து இறங்குவார்கள். கீழே உங்கள் பீரங்கி இடமும் வலமும் ஓடும். களம் முழுவதும் கண்முன்னே இருக்கும், ஒளிவுமறைவு கிடையாது.

1981-இல் இரண்டு விளையாட்டுகள் இந்தக் கட்டத்தை உடைத்தன. ஒன்று, வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக யூஜின் ஜார்விஸ் வடிவமைத்த டிஃபெண்டர். அதன் உலகம் திரையை விட அகலமானது. இடமும் வலமும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பறக்கலாம். திரைக்கு வெளியே நடப்பதைக் காட்ட மேலே ஒரு சிறிய ரேடார் உண்டு. இன்னொன்று, கொனாமியே வெளியிட்ட ஸ்க்ராம்பிள். இங்கே திரும்பிப் போக வழியில்லை. மலைகளும் குகைகளும் கட்டடங்களும் வலப்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். முன்னால் சுட ஒரு பொத்தான், கீழே குண்டு போட ஒரு பொத்தான். எரிபொருள் தீர்ந்துகொண்டே வரும். தரையிலிருக்கும் எரிபொருள் தொட்டிகளைத் தகர்த்தால்தான் நிரம்பும்.

மேலோட்டமாகப் பார்த்தால் டிஃபெண்டர்தான் பெரிய சாதனை, அதில் சுதந்திரம் அதிகம். ஆனால் வாரிசுகள் பெருகியது ஸ்க்ராம்பிளுக்குத்தான். திரை தன் வேகத்தில் போகும்போது, எந்த நொடியில் எந்த எதிரி எங்கே தோன்ற வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். ஆட்டக்காரர் அந்த எழுத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக மனப்பாடம் செய்வார். இருபதாவது நொடியில் மேலிருந்து வரும் நால்வரை முதல் தடவை தெரியாமல் போய் இடித்துக்கொள்வார். அடுத்த தடவை அங்கே முன்பே போய்க் காத்திருப்பார். இந்த விளையாட்டுகளின் இன்பம் வேகமான விரல்களில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பாதி இன்பம் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

திரை எப்படி நகர்கிறது?

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்து இயந்திரங்களால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், முழுத்திரையையும் புதிதாக வரைய முடியாது. நொடிக்கு 60 ஃபிரேம். அத்தனை புள்ளிகளையும் நிரப்பும் வேகம் அந்த மையச் செயலிகளுக்கு இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். பின்னணியை எட்டுக்கு எட்டுப் புள்ளி அளவுள்ள சிறு சதுரங்களாக வெட்டிக்கொண்டார்கள். ஒரே பாறைச் சதுரத்தை நூறு இடத்தில் பதித்தால் ஒரு மலை. அந்தச் சதுரங்களின் அடுக்கைத் திரையை விட அகலமாக நினைவகத்தில் வைத்துவிட்டு, ‘இந்தப் புள்ளியிலிருந்து காட்டு’ என்று வன்பொருளுக்கு ஓர் எண்ணை மட்டும் கொடுப்பார்கள். அந்த எண்ணை ஒன்று கூட்டினால் படம் முழுவதும் ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளிப்போகும்.

திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் படச்சுருளை இழுக்க இழுக்க, கண்ணாடிக்குப் பின்னால் தாஜ்மகால் போய்ச் செங்கோட்டை வரும். ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு வித்தியாசம்: இங்கே சுருள் முடிவதே இல்லை. இடப்பக்கம் மறைந்துபோன பத்தியின் மேலேயே அடுத்து வரவேண்டிய நிலப்பரப்பை எழுதிவிடுவார்கள். அது சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து சேரும்போது புதிய ஊராக இருக்கும்.

விண்கலம், எதிரி, தோட்டா ஆகியவை இந்தப் பின்னணியில் ஒட்டாதவை. அவற்றுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். பின்னணிக்கு மேலே எங்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய சிறு படங்கள். இவற்றுக்கும் ரேஷன் உண்டு. நின்டென்டோவின் ஃபாமிகாம் வீட்டு இயந்திரத்தில் ஒரே நேரத்தில் 64 ஸ்ப்ரைட். அதிலும் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் தெரியாது. பழைய விளையாட்டுகளில் எதிரிகள் நெருங்கி வரும்போது படம் விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருந்தால், அதற்குக் காரணம் இந்த எட்டுதான். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பழிபோட வேண்டாம்.

இந்த வன்பொருள் உதவி இல்லாத இயந்திரங்களும் இருந்தன. ஜப்பானில் பரவலாக விற்ற எம்எஸ்எக்ஸ் கணினிகளின் முதல் தலைமுறைக்குப் படத்தைப் புள்ளி புள்ளியாகத் தள்ளத் தெரியாது. கொனாமி அதற்கும் 1986-இல் கிராடியஸைக் கொண்டுவந்தது. பின்னணி எட்டெட்டுப் புள்ளிகளாகத் தாவித் தாவி நகரும். பார்க்கக் கண் வலிக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பதிப்பின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

விக் வைப்பர் கிளம்புகிறது

ஆர்கேட் கூடங்களில் நாணயம் போட்டு ஆடும் இயந்திரமாகத்தான் கிராடியஸ் முதலில் வந்தது. ஸ்க்ராம்பிளின் அடுத்த பாகமாக எண்ணித் தொடங்கிய வேலை அது. ஹிரோயாசு மாச்சிகுச்சி தலைமையிலான சிறு குழு அதைச் செய்தது. அந்நேரம் ஜப்பானில் கொடிகட்டிப் பறந்தது நாம்கோ நிறுவனத்தின் செவியஸ், கீழிருந்து மேலாக நகரும் திரை கொண்டது. அதை மிஞ்ச வேண்டும் என்ற முனைப்பு கொனாமி குழுவிடம் இருந்தது.

கதையைப் பற்றி ஒரு வரி போதும்: கிராடியஸ் என்ற கோளைப் பாக்டீரியன் என்ற பகைக்கூட்டம் தாக்குகிறது, விக் வைப்பர் என்ற ஒற்றைக் கலம் எதிர்த்துப் புறப்படுகிறது. கதைக்காக யாரும் நாணயம் போடவில்லை.

காட்சிகள்தான் மனதில் நிற்பவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி முகம் இருந்தது. முதல் கட்டத்தின் இறுதியில் திரை நிற்கும். இரண்டு எரிமலைகள் வெடித்துப் பாறைகளை வாரி இறைக்கும். இன்னொரு கட்டத்தில் ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் வரிசையாக நின்று வாயிலிருந்து வளையங்களைத் துப்பும். வாயில் சுட்டால்தான் சாகும். ஏன் விண்வெளியில் மோவாய்? யாரும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. அதன் பிறகு அந்தச் சிலைகள் கொனாமியின் வேறு பல விளையாட்டுகளிலும் தலைகாட்டத் தொடங்கின. எரிமலைக் கட்டத்தையே தலைகீழாகக் கவிழ்த்து, மலைகள் மேலிருந்து தொங்கும்படி ஒரு கட்டம் செய்தார்கள். உழைப்பை மிச்சப்படுத்தும் வேலை என்று சொல்லலாம். ஆனால் ஆடிப் பார்த்தால், பழகிய இடமே பகையாகிவிட்ட உணர்வு வருகிறது.

பெரும்பாலான கட்டங்களின் முடிவில் பிக் கோர் என்ற பெருங்கலம் வரும். மேலும் கீழும் நகர்ந்து நான்கு லேசர் கதிர்களை வீசும். அதன் நடுவில் நீலக் கரு ஒன்று உண்டு. முன்னால் சில தடுப்புகள். தடுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கருவைச் சுட வேண்டும். ‘பெரிய எதிரி, அதில் பளிச்சென்று தெரியும் ஒரு பலவீனப் புள்ளி’ என்பது இன்று அதிரடி விளையாட்டுகளில் சலித்துப்போன வழக்கம். அதை இவ்வளவு சுத்தமாக அன்று காட்டியவர்கள் குறைவு. கடைசி எதிரியோ ஒரு பெரிய மூளை. குழாய்களில் இணைந்து அசையாமல் கிடக்கும், திருப்பிச் சுடாது. அத்தனை பாடுபட்டு வந்தவர் அதைச் சில நொடிகளில் முடித்துவிடுவார். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இது துணிச்சலான முடிவாகத்தான் படுகிறது.

இசை மிக்கி ஹிகாஷினோ என்ற இளம் இசை மாணவியின் கைவண்ணம். கட்டத்துக்குக் கட்டம் மெட்டு மாறும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே எதிரிகள் அணியணியாக வரும் வெற்று விண்வெளிக்கும் தனி மெட்டு உண்டு.

ஆறு பெட்டிகள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிராடியஸை வேறு எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டியது திரையின் அடியில் இருக்கும் ஒரு மெல்லிய பட்டை.

விளையாட்டில் கூடுதல் பலம் தரும் பொருளுக்குப் பவர்-அப் என்று பெயர். 1980-இல் வந்த பேக்-மேனில் பெரிய உருண்டையைத் தின்றால் சிறிது நேரம் பேய்களைத் துரத்தலாமே, அதுபோல. இவற்றில் எல்லாம் பொருளை எடுத்தால் பலம் உடனே வந்துவிடும். எது வரும் என்பதை விளையாட்டு தீர்மானிக்கும்.

கிராடியஸ் இதை மாற்றிப்போட்டது. அணியாக வரும் எதிரிகளை ஒருவர் விடாமல் வீழ்த்தினாலோ, சிவப்பு நிற எதிரியை வீழ்த்தினாலோ ஒரு கேப்ஸ்யூல் மிதந்து வரும். எடுத்தால் உங்கள் கலத்துக்கு ஒன்றும் ஆகாது. அடியில் உள்ள பட்டையில் வெளிச்சம் ஒரு பெட்டி நகரும், அவ்வளவுதான். பெட்டிகள் ஆறு. முதலாவது வேகம். இரண்டாவது மிசைல்: கீழே விழுந்து தரையோடு ஊர்ந்து போகும். மூன்றாவது டபுள்: ஒரு தோட்டா நேராக, இன்னொன்று சாய்வாக மேல்நோக்கி. நான்காவது லேசர்: எதிரியைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருப்பவரையும் தாக்கும். ஐந்தாவது ஆப்ஷன், அதற்குத் தனியாக வருகிறேன். ஆறாவது பெட்டியில் வெறும் கேள்விக்குறி. கலத்தின் முன்னால் கேடயம் வரும்.

வெளிச்சம் வேண்டிய பெட்டியில் நிற்கும்போது தனிப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பலம் உங்களுடையது. வெளிச்சம் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அழுத்தாமல் விட்டால் அடுத்த கேப்ஸ்யூலில் அடுத்த பெட்டிக்குப் போகும். ஆறையும் தாண்டிவிட்டால் சுற்றி முதலுக்கே வந்துவிடும்.

விலைப்பட்டியலாக இதை எழுதிப் பார்த்தால் சூட்சுமம் புரியும். வேகத்தின் விலை ஒரு கேப்ஸ்யூல், மிசைல் இரண்டு, லேசர் நான்கு, ஆப்ஷன் ஐந்து, கேடயம் ஆறு. ஆர்கேட் பதிப்பில் நான்கு ஆப்ஷன் வரை சேர்க்கலாம். இருமுறை வேகம், ஒரு மிசைல், லேசர், நான்கு ஆப்ஷன், கேடயம் என்று முழுப் பலத்தையும் திரட்ட 34 கேப்ஸ்யூல் ஆகிறது. அத்தனையும் ஒரே உயிரில் சேர்க்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிய அரை நிமிடத்திலேயே கணக்கு ஆரம்பித்துவிடும். முதல் கேப்ஸ்யூல் வந்தாயிற்று. விக் வைப்பர் தொடக்கத்தில் மிக மெதுவாக நகரும். உடனே வேகத்தை வாங்கிவிடலாமா? வாங்கினால் ஆப்ஷன் தள்ளிப்போகும். வாங்காமல் ஐந்து வரை சேர்க்கலாம் என்றால், அதுவரை இந்த மந்தமான கலத்தோடு உயிர் பிழைக்க வேண்டும். சரி, வேகம் நல்லதுதானே என்று நான்கைந்து முறை வாங்கினாலோ, ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் கலம் பாறையில் போய் மோதும். டபுளும் லேசரும் ஒன்றாக இருக்காது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். மேலே தொங்கும் பீரங்கிகள் நிறைந்த இடத்தில் டபுள் நல்லது, பெருங்கலத்தின் முன்னால் லேசர் நல்லது. ஆனால் நான்காவது பெட்டிக்கு வெளிச்சத்தை மறுபடி ஏற்ற அங்கே கேப்ஸ்யூல் கிடைக்குமா?

தேர்ந்த ஆட்டக்காரரின் பட்டையைக் கவனித்தால் ஒரு பழக்கம் தெரியும். எல்லாம் வாங்கி முடித்த பிறகு, வெளிச்சத்தைக் கேடயப் பெட்டியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு கேப்ஸ்யூல்களை எடுக்காமல் வேண்டுமென்றே தவிர்ப்பார். எதற்கு? இருக்கும் கேடயம் அடிபட்டுத் தேய்ந்து மறையும் அந்தக் கணத்தில் பொத்தானைத் தட்டினால் புதிய கேடயம் தயார். தவறிப்போய் ஒரே ஒரு கேப்ஸ்யூலைத் தொட்டுவிட்டால் வெளிச்சம் முதல் பெட்டிக்குத் தாவிவிடும், சேமித்ததெல்லாம் வீண். பரிசுப்பொருளைக் கண்டு ஆட்டக்காரர் விலகி ஓடும்படி செய்த விளையாட்டுகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சதுரங்கப் பலகையின் முன் தாடையில் கைவைத்து யோசிக்க முடியாது என்பதுதான் விசேஷம். திரை போய்க்கொண்டே இருக்கிறது. நகரும் திரை என்ற பழைய விஷயமும் தேர்வு என்ற புதிய விஷயமும் ஒன்றையொன்று இறுக்குகின்றன. கிராடியஸின் பங்களிப்பு என்ன என்று கேட்டால் நான் சொல்லக்கூடியது இதுதான். எரிமலையும் மோவாயும் இசையும் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆப்ஷன் என்ற அதிசயம்

ஐந்தாவது பெட்டியை வாங்கினால் ஒளிரும் முட்டை வடிவம் ஒன்று உங்களைத் தொடர்ந்து வரும். நீங்கள் சுட்டால் அதுவும் சுடும். லேசர் இருந்தால் அதற்கும் லேசர், மிசைல் இருந்தால் அதற்கும் மிசைல். எதிரியின் தோட்டா அதை ஒன்றும் செய்யாது. பாறைக்குள்ளும் புகுந்து போகும்.

அது தொடரும் விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கலத்தை நோக்கி அது நேர்கோட்டில் ஓடி வருவதில்லை. நீங்கள் போன தடத்திலேயே வருகிறது. நிரல் எழுதுவோருக்கு உடனே பொறி தட்டும். கலம் நகரும்போதெல்லாம் அதன் இடத்தை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்; சில ஃபிரேம்களுக்கு முந்தைய இடத்தில் முதல் ஆப்ஷன், இன்னும் சில ஃபிரேம்களுக்கு முந்தைய இடத்தில் இரண்டாவது. நீங்கள் நின்றால் பட்டியலும் நின்றுவிடும். அதனால் ஆப்ஷன்களும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இந்தச் சின்ன விதியிலிருந்து ஒரு கலையே பிறந்தது. மேலிருந்து கீழாக இறங்கி நின்றால் ஆப்ஷன்கள் செங்குத்து வரிசையில் நிற்கும். ஒரே நேரத்தில் திரையின் பாதி உயரத்துக்கு லேசர் பாயும். சிறு வட்டம் போட்டு நின்றால் கலத்தைச் சுற்றி நிற்கும். முன்னால் பாய்ந்து பின்வாங்கினால் உங்களுக்கு முன்னே ஒரு ஆப்ஷனை நிறுத்திவைக்கலாம். நீங்கள் போகத் துணியாத இடத்துக்கு அது உங்களுக்காகப் போய்ச் சுடும். விதி ஒற்றை வரி, பயன்கள் எண்ணற்றவை. விளையாட்டு வடிவமைப்பு படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

செத்தால் என்ன ஆகும்?

மோசமாக ஆகும். ஒரு தோட்டா பட்டால் போதும், பாறை உரசினால் போதும். சேர்த்த 34 கேப்ஸ்யூலும் ஆவியாகி, கட்டத்தின் முந்தைய ஒரு புள்ளியில் வெறுங்கலத்தோடு நிறுத்தப்படுவீர்கள். வேகம் இல்லை, லேசர் இல்லை, ஆப்ஷன் இல்லை. எதிரிகள் மட்டும் முன்பு போலவே வருவார்கள். முழுப் பலத்தோடு எளிதாகக் கடந்த இடம் இப்போது கடக்கவே முடியாததாகத் தெரியும். கையில் மூன்று உயிர் இருந்தாலும் உண்மையில் இருந்தது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைக்கும். ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் இதை கிராடியஸ் நோய் என்று கேலி செய்வார்கள். ஜப்பானிய ஆட்டக்காரர்களோ இதையே தனிப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார்கள்: ஒவ்வொரு இடத்திலும் வெறுங்கலத்தோடு எப்படி மீண்டெழுவது, எந்தக் கேப்ஸ்யூலை முதலில் பிடிப்பது, எந்த எதிரியை விட்டுவிடுவது என்று இடத்துக்கு இடம் வழிமுறை வகுத்தார்கள்.

இது நல்ல வடிவமைப்பா? என் கருத்து பாதிப் பாதி. சேர்த்ததை இழக்கும் பயம் இல்லாவிட்டால் சேர்ப்பதில் சுவாரஸ்யமும் இருக்காது. ஆனால் தோற்றவரை மேலும் தோற்கச் செய்யும் விளையாட்டு, புதியவர்களை வாசலிலேயே விரட்டிவிடும். ஸ்க்ரோலிங் ஷூட்டர் வகை பிற்காலத்தில் குறுகிய வட்டத்துக்குள் சுருங்கிப்போனதில் இந்தக் கடுமைக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். கொனாமிக்கும் இந்தச் சந்தேகம் சீக்கிரமே வந்திருக்க வேண்டும். மறு ஆண்டே அது வெளியிட்ட சலமாண்டர் ஆட்டத்தில் பட்டை இல்லை. பொருளை எடுத்தால் பலம் உடனே கிடைக்கும். இருவர் சேர்ந்து ஆடலாம். செத்தால் அதே இடத்தில் மீண்டும் வரலாம்.

சூடேறும் வரை ஒரு பாட்டு

ஒரு சிறு கிளைக்கதை. ஜப்பானில் கிராடியஸ் முதலில் பபிள் சிஸ்டம் என்ற மின்சுற்றுப் பலகையில் வந்தது. காந்தக் குமிழி நினைவகம் என்ற தொழில்நுட்பம் அதில் இருந்தது. குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யாது. இயந்திரத்தை இயக்கியதும் சிறிது நேரம் சூடேற வேண்டும். அதுவரை திரையில் 99-இலிருந்து எண்கள் இறங்கும். கூடவே இதமான ஒரு மெட்டு ஒலிக்கும். காலையில் ஆர்கேட் கூடத்தைத் திறந்து மின்சாரம் போட்டதும் கேட்கும் பாட்டு என்பதால் அதற்கு ‘மார்னிங் மியூசிக்’ என்று பெயர். அந்தத் தொழில்நுட்பம் நீடிக்கவில்லை. வழக்கமான ரோம் சில்லுகளுக்கே மாறினார்கள். வெளிநாடுகளுக்கு நெமிசிஸ் என்ற பெயரில் போனது அந்த வடிவம்தான். பாட்டு மட்டும் பிழைத்து, ரசிகர்களின் இசைத் தொகுப்புகளில் இன்றும் ஓடுகிறது.

மேல் மேல் கீழ் கீழ்

1986 ஏப்ரலில் கிராடியஸ் ஃபாமிகாமுக்கு வந்தது. முன்பு சொன்ன ரேஷன் காரணமாக ஆப்ஷன் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நீண்ட லேசர் குட்டையானது. அந்த மாற்றுவேலையைச் செய்தவர்களில் ஒருவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. எழுதியதைச் சோதிக்க வேண்டுமே, ஆடிப் பார்த்தால் அவரால் கடக்க முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்குவழி வைத்தார். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் ஏறக்குறைய எல்லாப் பலங்களும் வந்துவிடும். தானே பயன்படுத்தப் போவதால் எளிதில் நினைவிருக்கும்படி வைத்ததாகப் பின்னாளில் சொன்னார். வெளியீட்டுக்கு முன் அதை நீக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1988-இல் நின்டென்டோ இயந்திரத்துக்கு வந்த கொனாமியின் இன்னொரு விளையாட்டான கான்ட்ரா. அங்கே அதே வரிசையை அழுத்தினால் 30 உயிர்கள். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் மலிவு இயந்திரங்களும் ஒன்றில் நூறு விளையாட்டு இருப்பதாகச் சொல்லும் கேசட்டுகளும் நம் ஊர்க் கடைகளில் குவிந்தபோது, அவற்றில் கான்ட்ரா தவறாமல் இருக்கும். கிராடியஸ் என்ற பெயரையே கேள்விப்படாத எத்தனையோ பேர் அதன் எச்சத்தை விரல்களில் சுமந்திருக்கிறார்கள். கொனாமி கோட் என்று பெயர் பெற்ற இந்த வரிசையைப் பிறகு வேறு நிறுவனங்களின் விளையாட்டுகளும் இணையதளங்களும் வேடிக்கைக்காக ஒளித்துவைக்கத் தொடங்கின. சூப்பர் நின்டென்டோவுக்கு வந்த கிராடியஸ் மூன்றாம் பாகத்தில் கொனாமி ஒரு குறும்பு செய்தது: பழைய வரிசையை அப்படியே அழுத்தினால் பலம் வரும், பிறகு உங்கள் கலமே வெடித்துவிடும். ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

யார் யார் எதை எடுத்துக்கொண்டார்கள்?

1987-இல் ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் வந்தது. கிராடியஸுக்குச் சரியாசனத்தில் வைக்கத்தக்க ஆட்டம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆப்ஷனுக்குப் பதில் இங்கே ஃபோர்ஸ் என்ற உருண்டை. கலத்தின் மூக்கில் மாட்டலாம், வாலில் மாட்டலாம், கழற்றி முன்னால் அனுப்பிவிட்டுத் திரும்ப அழைக்கலாம். எதிரியின் தோட்டாவையும் தடுக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துச் சக்தி சேர்த்து விடும் பெரும் கதிரும் உண்டு. மூன்றாம் கட்டம் முழுவதுமே ஒரே ஒரு ராட்சதப் போர்க்கப்பல். அதைச் சுற்றிச் சுற்றித் துண்டு துண்டாக உடைப்பதுதான் ஆட்டம். ‘அழியாத ஒரு துணையை எங்கே நிறுத்துவது’ என்ற கிராடியஸின் கேள்விக்கு ஆர்-டைப் கொடுத்த விடை கிராடியஸை விடவும் கூர்மையானது. என் ஓட்டு அதற்குத்தான்.

அதே காலத்தில் டைட்டோவின் டேரியஸ் மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அகலத்தைக் கூட்டியது. சேகாவின் ஃபேன்டசி ஜோன், தேர்வு என்ற எண்ணத்தை வேறு பக்கம் கொண்டுபோனது: எதிரிகள் நாணயம் உதிர்ப்பார்கள், கடைக்குள் நுழைந்து ஆயுதம் வாங்க வேண்டும். ஐரோப்பாவில் மன்ஃப்ரெட் ட்ரென்ஸ் 1988-இல் காமடோர் 64 கணினிக்குச் செய்த கட்டாகிஸ், ஆர்-டைப்பை அப்பட்டமாக ஒத்திருந்ததால் சிக்கலில் மாட்டியது. முடிவு வேடிக்கையானது: அதே கணினிக்கு ஆர்-டைப்பின் அதிகாரபூர்வப் பதிப்பைச் செய்யும் வேலை அவர்களிடமே வந்தது.

கொனாமி தன் சொந்தச் சரக்கையும் விடாமல் தோண்டியது. 1988-இன் இரண்டாம் பாகத்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே நான்கு ஆயுதத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 1989-இன் மூன்றாம் பாகத்தில் தொகுப்பையே நீங்கள் அமைக்கலாம். ஆனால் அது கல்நெஞ்சக்காரர்கள் செய்த ஆட்டம். பாரோடியஸ் என்ற கிளைத்தொடர் தன்னையே நக்கலடித்துக்கொண்டது, பென்குயினும் ஆக்டோபஸும் விக் வைப்பரோடு சேர்ந்து பறந்தன. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கிய ஐந்தாம் பாகம் ஆப்ஷன்களை நிறுத்தவும் திசைதிருப்பவும் ஆட்டக்காரர் கையிலேயே கடிவாளத்தைக் கொடுத்தது. செத்த இடத்திலேயே மீளவும் வழி செய்தது.

தொண்ணூறுகளில் இந்த வகை வேறு திசையில் திரும்பிவிட்டது. டோப்ளான், கேவ் போன்ற நிறுவனங்களின் செங்குத்து ஷூட்டர்களில் திரை முழுக்கத் தோட்டாக்கள் கோலமாக விரியும். உங்கள் கலத்தில் அடிபடும் பகுதியோ கடுகளவு. நிலப்பரப்பு முக்கியமில்லாமல் போனது. எதை வாங்குவது என்ற கணக்கு ஓரத்துக்குப் போய், எப்படி நழுவுவது என்ற லாகவம் நடுவுக்கு வந்தது. அதற்கென்று பெரும் ரசிகர் கூட்டம் உண்டு. எனக்குப் பட்டையும் வெளிச்சமும்தான் பிடித்திருக்கிறது.

ஆடிப் பார்க்க விரும்பினால்

பழைய இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2019-இல் கொனாமி வெளியிட்ட ஆர்கேட் கிளாசிக்ஸ் தொகுப்பில் ஸ்க்ராம்பிளும் கிராடியஸும் இரண்டாம் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. தாத்தாவையும் பேரனையும் ஒரே மாலையில் ஆடிப் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த கிராடியஸ் ஆரிஜின்ஸ் தொகுப்பில் முதல் மூன்று பாகங்களும் சலமாண்டர் வரிசையும் இருக்கின்றன. தவறிய இடத்திலிருந்து சற்றுப் பின்னுக்கு ஓட்டி மறுபடி ஆடும் வசதியும் உண்டு. புதியவர்கள் வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்தலாம்.

முதல் தடவை ஆடும்போது இதை மட்டும் செய்யுங்கள். தொடக்கத்தில் வரும் அணிகளை ஒருவர் விடாமல் வீழ்த்தி, வேகத்தை இரண்டு முறை மட்டும் வாங்குங்கள், மூன்றாவது வேண்டாம். பிறகு மிசைல். அதன்பின் என்ன ஆனாலும் பொத்தானைத் தொடாமல் ஐந்தாவது பெட்டி வரை பொறுத்திருந்து ஒரு ஆப்ஷனை எடுங்கள். லேசரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எரிமலை வெடிக்கும் வரை தாக்குப்பிடித்தாலே முதல் நாளைக்கு அது நல்ல ஆட்டம். பாறைகள் விழும்போது சுடுவதை நிறுத்த வேண்டாம்.